வெங்கர் வேண்டுமா, வேண்டாமா?

2017 மார்ச் 18-ந் தேதியன்று, இங்கிலாந்தின் மத்தியப் பகுதியிலுள்ள வெஸ்ட் பிராம்விச் கால்பந்து மைதானத்துக்கு மேலே இரண்டு சிறு ஆகாய விமானங்கள் பறந்தன. கீழே ஆடிக்கொண்டிருந்தது லண்டன் மாநகரின் ஆர்ஸனல் கிளப். ஒரு விமானத்தின் வாலில் கட்டப்பட்ட துணி, "ஒப்பந்தம் கூடாது, வெங்கர் வெளியேறுக" என்று கூறிற்று. மற்றொன்றின் துணியோ, "ஆர்ஸேனிடம் எமக்கு நம்பிக்கை உண்டு" என்றது. இரண்டும் ஒரே கிளப்பின் அபிமானிகளுக்குள் மூண்ட பூசலே. அன்றைய ஆட்டத்தில் ஆர்ஸனல் 3-1 என்ற கணக்கில் தோற்றது. அதை அன்று மாலை எத்தனை பேர் பேசினார்களோ நாம் அறியோம்.

எதிர்க் கிளப்பைத் தூஷிப்பது எங்குமுள்ள வழக்கம். தம்முடைய மானேஜர் ஒருவர் பொருட்டுத் தமக்குள்ளேயே இரு கட்சிகளாய்ப் பிரிந்து ஆகாயமார்க்கத்திலும் வழக்காடுவது அபூர்வம். அந்த மனிதர் யார்?

இங்கிலீஷ் கால்பந்தில் மானேஜர் என்பவர் வரவு செலவு எழுதும் உத்தியோகஸ்தரல்ல. ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுப்பவரும், பழக்குபவரும், வியூகம் வகுப்பவரும் அவரே. பிரெஞ்சுக்காரரான ஆர்ஸேன் வெங்கர், அவர்கள் எதைப் புசிப்பது என்பதையும் தாமே தீர்மானித்தார். 1996-ல் ஜப்பானின் நகோயா கிளப்பிலிருந்து அவர் வந்தபோது, லண்டனில் அவர் பெயரைக் கேள்விப்பட்டவர்கள் சொற்பம். மதுவும் மிட்டாயும் குறைந்தன. வேகவைத்த காய்கறியும் மீனும் வந்தன. பரிகசித்தவர்களுக்கு 1998-ல் பதில் கிடைத்தது: அவ்வருஷம் லீக் பட்டம், எப்.ஏ. கோப்பை இரண்டும் ஆர்ஸனலுக்கே. 2002-ல் மறுபடியும் இரண்டும். 2003-04-ல் லீக்கின் 38 ஆட்டங்களில் 26 வெற்றி, 12 சமம், ஒரு தோல்வியும் இல்லை.

அதன் பிறகு லீக் பட்டம் அவருக்கு வாய்க்கவேயில்லை. ஏன் என்பதில்தான் கட்சி பிரிந்தது. 2006-ல் கிளப், ஏறக்குறைய 38,000 பேர் அமரக்கூடிய ஹைபரி மைதானத்தை விட்டு, 60,000 பேருக்கு இடமுள்ள புது மைதானத்துக்குக் குடிபெயர்ந்தது. செலவு சுமார் 39 கோடி ஸ்டர்லிங் பவுன். கடன் தலைக்கு மேல் நின்றது. சிறந்த ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவராகப் போனார்கள்: 2007-ல் ஆன்றி, 2011-ல் பாப்ரிகாஸ், 2012-ல் வான் பெர்சி. கடைசியில் சொன்னவர் சென்று சேர்ந்ததோ மான்செஸ்டர் யுனைடெட்டில். மறுவருஷமே லீக் பட்டம் அவர்கள் கைக்குப் போயிற்று. 2005-க்கும் 2014-க்கும் இடையே ஒரு கோப்பையுமில்லை. ஆயினும் அத்தனை நெருக்கடியிலும் ஆர்ஸனல் லீக்கின் முதல் நான்கு இடங்களை விட்டு ஒருபோதும் இறங்கவில்லை.

"கடனைச் சுமந்துகொண்டு இதைச் சாதிக்க வேறு யாரால் முடியும்?" என்றார்கள் ஒரு சாரார். "கடன் குறைந்த பின்னும் அதே நான்காம் இடம்தானா?" என்றார்கள் மறு சாரார். இரண்டு கேள்விகளும் நியாயமானவையே. பழகப் பழகப் பாலும் புளிக்கும் என்பார்கள்; இங்கே புளித்தது வெறும் பழக்கத்தால் அல்ல. 2011-ல் மான்செஸ்டரில் 8-2, 2017-ல் ஜெர்மனியின் பேயர்ன் அணியிடம் இரண்டு ஆட்டங்களிலும் 5-1 என்றெல்லாம் தோற்றதை எந்த அபிமானியாலும் ஜீரணிக்க முடியாது. தவிரவும், அங்கே மிகக் குறைந்த பருவச் சீட்டின் விலையே 2014-ல் 1,000 பவுனுக்கு மேல். அவ்வளவு கொடுத்தவன் கேள்வி கேட்பதை நன்றிகெட்டதனம் என்று சொல்வது நமக்குச் சரியாகப் படவில்லை.

2016 ஏப்ரலில் நார்விச்சுடன் நடந்த ஆட்டத்தில், 12-வது நிமிஷத்திலும் 78-வது நிமிஷத்திலும் "மாறுதலுக்குக் காலம் வந்துவிட்டது" என்ற தாள்களை ஒரு பகுதியினர் தூக்கிக் காட்டினர். உடனே மற்றவர்கள் வெங்கரின் பெயரைச் சொல்லிப் பாட்டெடுத்தார்கள். 2018 வசந்தத்தில் எதிர்ப்பு வேறு உருவம் எடுத்தது. சீட்டு வாங்கியவர்களே வராமல், மைதானத்தில் வரிசை வரிசையாக ஆசனங்கள் காலியாயின. ஏப்ரல் 20-ந் தேதி, ஒப்பந்தம் ஒரு வருஷம் பாக்கியிருக்கையில், வெங்கர் தமது விலகலை அறிவித்தார். மே 13-ந் தேதி ஹட்டர்ஸ்பீல்டில் அவருடைய கடைசி ஆட்டம். 22 வருஷங்களைக் குறித்து 22-வது நிமிஷத்தில் மைதானமே கைதட்டிற்று. அன்றும் ஒரு விமானம் பறந்தது. அதன் துணியில் நன்றி எழுதியிருந்தது.

பின்னர் நடந்ததை இரு கட்சியாரும் தத்தம் சாட்சியாகக் கொண்டார்கள். அடுத்து வந்த உனாய் எமெரி 2019 நவம்பரில் நீக்கப்பட்டார். அந்தப் பருவத்திலும் அடுத்ததிலும் எட்டாம் இடம். வெங்கரின் காலத்தில் கேட்டறியாத தாழ்வு. "பார்த்தீர்களா?" என்றார்கள் ஒரு சாரார். வெங்கரின் கீழ் ஆடிய ஆர்டெட்டா, மானேஜராகி 2022-23-ல் இரண்டாம் இடத்துக்குக் கொண்டுவரவே, "பார்த்தீர்களா?" என்றார்கள் மறு சாரார். 2023-ல் மைதானத்துக்கு வெளியே வெங்கரின் சிலை நிறுவப்பட்டது.

இத்தனை ஆர்ப்பாட்டத்திலும் உரிய அளவு குரல் எழும்பாத விஷயம் ஒன்று உண்டு. மானேஜரை நியமிப்பதும் நீக்குவதும் அபிமானிகள் அல்ல, முதலாளிகளே. 2011-லிருந்து ஆர்ஸனலின் பெரும்பான்மைப் பங்குகள் ஸ்டான் குரோன்கி என்ற அமெரிக்கச் செல்வந்தரிடம் இருந்தன. ஒன்றிரண்டு பங்குகளைப் பரம்பரைச் சொத்துபோல் வைத்திருந்த சாதாரண அபிமானிகளும் இருந்தார்கள். அவர்களுக்கு லாபத்தில் மோகமில்லை. வருஷத்துக்கு ஒரு முறை பொதுக்கூட்டத்தில் எழுந்து நின்று நிர்வாகிகளை நேருக்கு நேர் கேள்வி கேட்கும் பாத்தியதையே அவர்களுக்குப் பெரிது. 2017 அக்டோபர் கூட்டத்தில், தலைவரையும் குரோன்கியின் குமாரரையும் மீண்டும் நிர்வாகசபைக்குத் தேர்ந்தெடுப்பதை, கை தூக்கும் வாக்கெடுப்பில் அவர்கள் தோற்கடித்தே காட்டினார்கள். பங்குகளின் எண்ணிக்கைப்படி வாக்கெடுத்தபோது குரோன்கியின் பலம் அதை அழித்தது.

வெங்கர் அறிவித்த நான்கு மாதங்களுக்குள், 2018 ஆகஸ்டில், குரோன்கி உஸ்மானோவ் என்ற மற்றொரு செல்வந்தரின் 30 சதவிகிதப் பங்குகளையும் வாங்க ஏற்பாடு செய்தார். கம்பெனிச் சட்டப்படி, மிச்சமிருந்த சிறு பங்காளிகள் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் விற்றாக வேண்டும். பங்கு ஒன்றுக்கு 29,000 பவுனுக்கு மேல் கிடைத்தது. விமானம் அனுப்பி வெளியேறச் சொன்னவர்களும், விமானம் அனுப்பி இருக்கச் சொன்னவர்களும், கேள்வி கேட்கக் கூடியிருந்த அந்த வருஷாந்தரப் பொதுக்கூட்டம் அத்துடன் நின்றுபோயிற்று.