சிபாரிசு வேறு, சாட்சி வேறு: கல்லூரிக்கான பரிந்துரைக் கடிதம் பற்றி

நம்ம ஊரில் சிபாரிசுக் கடிதம் என்றால் முதலில் ஞாபகத்துக்கு வருவது எம்.எல்.ஏ. லெட்டர்தான். கல்லூரி சேர்க்கைக்கு ஆசிரியரின் கடிதம் என்பது பழக்கத்திலேயே இல்லை. இன்ஜினியரிங் கவுன்சிலிங்கில் கட்-ஆஃப் மார்க்கும் இட ஒதுக்கீடும் போதும், மருத்துவத்துக்கு நீட் மார்க். உங்களைப் பற்றி உங்கள் வாத்தியார் என்ன நினைக்கிறார் என்று அங்கே யாரும் கேட்பதில்லை.

வெளிநாட்டு விண்ணப்பத்தில் இது தலைகீழ். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவும் ஒன்று அல்லது இரண்டு ஆசிரியர்களின் கடிதம் கேட்கின்றன. எம்.ஐ.டி., கணக்கு அல்லது அறிவியல் ஆசிரியர் ஒருவரிடமும், மொழி அல்லது வரலாறு போன்ற பாட ஆசிரியர் ஒருவரிடமும் கேட்கிறது. பிரிட்டனில் யூகாஸ் வழியாகப் போகும் விண்ணப்பத்துக்குப் பள்ளியின் பரிந்துரை வேண்டும்.

"அதெல்லாம் பணக்காரப் பிள்ளைகளுக்கு" என்று தோன்றலாம். ஆனால் எம்.ஐ.டி., ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் போன்ற சில இடங்களில் வெளிநாட்டு மாணவரின் பண வசதியைப் பார்க்காமல் சேர்க்கை முடிவு செய்கிறார்கள். சேர்ந்த பிறகு குடும்பத்தால் கட்ட முடியாத தொகையை அவர்களே ஏற்கிறார்கள். இடம் கிடைப்பது மிகவும் கஷ்டம்தான். ஆனால் மயிலாடும்பாறையிலிருந்து ஒரு பிள்ளை விண்ணப்பித்தால், போட்டித் தேர்வுப் பதக்கமோ பெரிய நகரப் பள்ளியின் பேரோ கூட வராது. அங்கே அந்தப் பிள்ளைக்காகப் பேசப் போவது இந்தக் கடிதம்தான்.

நல்ல கடிதம் எப்படி இருக்கும் என்பதற்கு நம்மிடமே ஒரு அருமையான கேஸ் இருக்கிறது: ராமானுஜன்.

கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையை இழந்தவர், பிறகு பச்சையப்பன் கல்லூரியிலும் எஃப்.ஏ. தேறாதவர். மார்க் ஷீட்டை மட்டும் வைத்தால் கதை அங்கேயே முடிந்தது. அதற்குப் பிறகு அவர் ஏறிய ஒவ்வொரு படியிலும் யாரோ ஒருவரின் கடிதம் இருக்கிறது. 1912-ல் சென்னைத் துறைமுகத்தில் கிளார்க் வேலைக்கு விண்ணப்பித்தபோது, மாநிலக் கல்லூரிக் கணிதப் பேராசிரியர் மிடில்மாஸ்ட் கடிதம் கொடுத்தார். கணிதத்தில் அபூர்வத் திறமை உள்ளவர் என்று சொல்லிவிட்டு, எண் கணக்குகளை மிக வேகமாகப் போடுவார் என்பதையும் சேர்த்தார். கணக்குப் பிரிவு வேலைக்கு வேண்டியது அதுதானே! 30 ரூபாய் சம்பளத்தில் வேலை கிடைத்தது.

அடுத்தது 1913 பிப்ரவரி. வானிலை ஆய்வுத் துறைத் தலைவர் கில்பர்ட் வாக்கர் சென்னை வந்தார். ராமானுஜனின் தாள்களைப் பார்த்துவிட்டுச் சென்னைப் பல்கலைக்கழகப் பதிவாளருக்கு எழுதினார். அந்தக் கடிதத்தின் அமைப்பைப் பிரித்துப் பார்த்தால் நான்கு விஷயம் தெரிகிறது:

1. தான் நேரில் எதைப் பார்த்தார் என்று சொல்கிறார்.

2. ஒப்பிடுகிறார். கேம்பிரிட்ஜ் கல்லூரி ஒன்றின் கணித ஃபெல்லோவின் வேலைக்கு இணையான சுயசிந்தனை என்கிறார். வாக்கரே கேம்பிரிட்ஜில் ஃபெல்லோவாக இருந்தவர் என்பதால் அந்த ஒப்பீட்டுக்கு எடை உண்டு.

3. குறையையும் எல்லையையும் மறைக்கவில்லை. முழுமையும் துல்லியமும் இன்னும் வரவில்லை என்கிறார். இது தன் சிறப்புத் துறை அல்ல என்றும் ஒப்புக்கொள்கிறார்.

4. என்ன வேண்டும் என்று தெளிவாகக் கேட்கிறார். சில வருஷம் பிழைப்புக் கவலை இல்லாமல் இவர் கணிதம் மட்டும் செய்ய வழி பண்ணுங்கள் என்கிறார.

பட்டமே இல்லாத ஒருவருக்குப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது, இரண்டு வருஷத்துக்கு. வாக்கரின் பதவி உதவியிருக்கும், சந்தேகமில்லை. ஆனால் பெரிய பதவியில் இருப்பவர் "நல்ல பையன், கவனிக்கவும்" என்று மட்டும் எழுதியிருந்தால் அது சிபாரிசு. பார்த்ததைச் சொன்னதால் அது சாட்சி ஆனது.

இனி நம் பள்ளிக்கு வருவோம். ஆசிரியரிடம் கடிதம் கேட்டால், அவருக்குப் பழகிய வடிவம் நன்னடத்தைச் சான்றிதழ். "ஒழுக்கமானவர், கடின உழைப்பாளி, வாழ்வில் சிறக்க வாழ்த்துகிறேன்." இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் பேரை மாற்றினால் வகுப்பில் யாருக்கும் பொருந்தும்.

ஒரு கற்பனை உதாரணம். "இயற்பியலில் ஆர்வம் மிக்கவர்" என்பது பலவீனமான வரி. "மூல வைகை வற்றிய கோடையில், தன் தெருக் கிணற்றின் நீர்மட்டத்தை வாரம் ஒருமுறை கயிறு கட்டி அளந்து, நான் கேட்காமலே வரைபடம் போட்டு வந்தார். இரண்டு வாரக் கணக்கு தப்பு என்று நான் காட்டியதும், மறுநாளே திருத்தி வந்தார்." இது வேறு யாருக்கும் பொருந்தாது. தப்பையும் சொல்வதால் மீதி நம்பும்படி ஆகிறது.

ஆசிரியருக்கு இதெல்லாம் ஞாபகம் இருக்க வேண்டுமே? நூற்றுக்கணக்கான பிள்ளைகளைப் பார்ப்பவர் அவர். ராமானுஜன் கையில் நோட்டுப் புத்தகம் இருந்தது, அதைக் காட்டினார். மாணவர் செய்ய வேண்டியதும் அதுதான். ஒரு முழுத்தாளில் இவற்றைத் தமிழிலேயே எழுதிக் கொடுங்கள்: அவர் வகுப்பில் நடந்த இரண்டு மூன்று சம்பவம், நீங்கள் செய்த வேலை, எங்கே என்ன படிக்க விண்ணப்பிக்கிறீர்கள், கடைசித் தேதி. இலவங்காய் சீசனில் வேலைக்குப் போனது, தம்பி தங்கையைப் பார்த்துக்கொண்டது, இதையும் வெட்கப்படாமல் எழுதுங்கள். அங்கே அது குறையாகப் பார்க்கப்படுவதில்லை.

"நீயே எழுதிட்டு வா, கையெழுத்துப் போடுறேன்" என்று சிலர் சொல்வார்கள். பாசத்தில்தான் சொல்கிறார்கள், ஆனால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அது நேர்மையில்லை என்பது ஒருபுறம். உங்கள் கட்டுரையும் கடிதமும் ஒரே குரலில் இருந்தால் படிப்பவர் கண்டுபிடித்துவிடுவார் என்பது இன்னொருபுறம். ஆங்கிலம்தான் தடை என்றால், ஆசிரியர் தமிழில் சொல்லட்டும், பள்ளியின் ஆங்கில ஆசிரியர் மொழிபெயர்க்கட்டும். நீங்கள் அதில் கை வைக்க வேண்டாம்.

நடைமுறையில் இன்னும் சில:

யாரைக் கேட்பது? அதிக மார்க் போட்டவரை விட, நீங்கள் திணறி மேலே வந்ததைப் பார்த்தவரைக் கேளுங்கள். தலைமையாசிரியருக்குத் தனி வேலை இருக்கிறது. அமெரிக்க விண்ணப்பத்தில் பள்ளியின் கவுன்சிலர் தரும் அறிக்கை ஒன்று உண்டு, நம் அரசுப் பள்ளிகளில் அதை அவர்தான் தர வேண்டியிருக்கும். லேப் வசதி, பஸ் வசதி, வீட்டில் முதல் தலைமுறைப் படிப்பு எல்லாம் அதில் வரலாம்.

எப்போது? ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜுக்கு அக்டோபர் 15. அமெரிக்காவில் பல இடங்களுக்கு நவம்பர் 1 அல்லது ஜனவரித் தொடக்கம். காலாண்டும் அரையாண்டும் நடுவில் வரும், ஆசிரியர் கையில் விடைத்தாள் கட்டு இருக்கும். ஜூலையிலேயே கேட்டுவிடுங்கள். கடிதத்தை இணையத்தில் அவரே நேரடியாக ஏற்ற வேண்டும். அவருக்கு மின்னஞ்சல் முகவரி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

பார்க்கலாமா? அமெரிக்காவில் 1974-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, அங்கே சேர்ந்த மாணவருக்குத் தன் கல்விப் பதிவுகளைப் பார்க்கும் உரிமை தருகிறது. கடிதத்தைப் பொறுத்தவரை அந்த உரிமையை விட்டுக்கொடுக்கிறீர்களா என்று விண்ணப்பத்தில் ஒரு கேள்வி வரும். விட்டுக்கொடுப்பதே வழக்கம். மாணவர் பார்க்கமாட்டார் என்றால்தான் ஆசிரியர் மனம் திறந்து எழுதியிருப்பார் என்று நம்புவார்கள்.

கேட்கும்போது "லெட்டர் தருவீங்களா சார்?" என்று மட்டும் நிறுத்தாமல், "என்னைப் பத்தி விவரமா எழுத உங்களால முடியுமா சார்?" என்று கேளுங்கள். அவர் தயங்கினால் கோபப்படாமல் அடுத்தவரிடம் போங்கள். முடிவு எதுவானாலும், எழுதிக் கொடுத்தவரிடம் போய்ச் சொல்லிவிடுங்கள். அடுத்த வருஷம் இன்னொரு பிள்ளை அவரிடம்தான் வந்து நிற்கும்.