நட்சத்திரங்களைத் திருடியது யார்? நுங்கம்பாக்கத்தில் தொலைந்தது, ஜவ்வாது மலையில் அகப்படுகிறது!

திருட்டு, வழிப்பறி என்று தினமும் படிக்கிறீர்கள். ஆனால் யாருமே போலீசில் புகார் கொடுக்காத ஒரு பெரிய திருட்டு நம் தலைக்கு மேலேயே நடந்திருக்கிறது. பறிபோனது, சென்னையின் நட்சத்திரங்கள்!

நம்பிக்கை இல்லையா? இன்று இரவு மொட்டை மாடிக்குப் போய் எண்ணிப் பாருங்கள். சீக்கிரமே எண்ணி முடித்து விடுவீர்கள். கேமராவில் படம் எடுத்தாலோ கேட்கவே வேண்டாம். சாம்பல் பூசியது மாதிரி வெளிறிய வானம்தான் விழும்.

துரை கண்ட 'ஆசியா'

இதே ஊரில் ஒரு காலத்தில் நடந்ததைக் கேளுங்கள். புயல் என்றால் டி.வி.காரர்கள் ஓடுவார்களே, நுங்கம்பாக்கம் வானிலை ஆய்வு மையம், அந்த வளாகத்தில் 1792-ல் கிழக்கிந்தியக் கம்பெனியின் வான ஆராய்ச்சிக் கூடம் எழுந்தது.

அங்கே வேலை பார்த்த போக்சன் என்ற வெள்ளைக்காரர், 1861 ஏப்ரலில் புதிய சிறுகோள் ஒன்றைக் கண்டுபிடித்தார். ஆசியாவிலிருந்து கண்டுபிடித்த முதல் சிறுகோள் அது. பெயரும் 'ஆசியா'தான்! 1885-க்குள் சென்னையிலிருந்தே மொத்தம் 5 சிறுகோள்களைப் பிடித்து விட்டார்.

அவருடைய உதவியாளர் சிந்தாமணி ரகுநாதாச்சாரியும் லேசுப்பட்டவர் அல்ல. ஒளி கூடிக் குறையும் நட்சத்திரம் ஒன்றை 1867-ல் கண்டுபிடித்தார். எல்லாமே டெலஸ்கோப்பில் கண்ணை வைத்துப் பார்த்தே!

குற்றவாளி யார்?

வேறு யார், நாம்தான்! தெரு விளக்கு, விளம்பரப் பலகை, கல்யாண மண்டபத்து ஃபோகஸ் லைட். தரையில் விழ வேண்டிய வெளிச்சத்தில் ஒரு பங்கு வானத்துக்குப் போகிறது. அங்கே தூசியிலும் ஈரக்காற்றிலும் பட்டுச் சிதறி, ஊருக்கு மேலே திரை மாதிரி நிற்கிறது. மங்கலான நட்சத்திரங்கள் அதில் முழுகிப் போகின்றன.

காவலூரில் சிக்கியது

சென்னையில் பிறந்த விஞ்ஞானி வைணு பாப்பு, இருட்டான இடம் தேடி ஜவ்வாது மலைக்குப் போனார். வாணியம்பாடி, ஆலங்காயம் தாண்டி காவலூர். சென்னையிலிருந்து சுமார் 200 கிலோமீட்டர். 1968-ல் அங்கே முதல் டெலஸ்கோப் வேலையைத் தொடங்கியது.

1988 பிப்ரவரியில் ராஜமோகன் குழுவினர் அங்கே ஒரு சிறுகோளைப் பிடித்தார்கள். பிடித்தது கேமரா! வானத்தின் ஒரே பகுதியைச் சிறிது நேரம் விட்டு இரண்டு தடவை படம் எடுப்பார்கள். நட்சத்திரங்கள் அசையாது. நகர்ந்த புள்ளிதான் ஆசாமி! அதற்குக் கணித மேதை ராமானுஜன் பெயர் வைத்தார்கள். 1885-ல் நுங்கம்பாக்கத்தில் நின்று போன வேட்டை, 103 வருஷம் கழித்து மலை மேலே மறுபடி தொடங்கியது.

நீங்களும் எடுக்கலாம்

இதற்கு விஞ்ஞானியாக இருக்க வேண்டியதில்லை. அமாவாசையை ஒட்டிய, மேகமில்லாத இரவு வேண்டும். ஊர் வெளிச்சம் எட்டாத இடம் வேண்டும். கேமராவை முக்காலியில் நிறுத்தி, லென்ஸை முழுசாகத் திறந்து வையுங்கள். 24 மி.மீ. லென்ஸ் என்றால் சுமார் 20 விநாடி போதும். அதற்கு மேல் போனால் பூமி சுற்றுவதால் நட்சத்திரம் கோடாக இழுபடும். கை பட்டு ஆடாமல் இருக்க டைமர் போட்டு எடுங்கள். கண்ணுக்குத் தெரியாததெல்லாம் படத்தில் விழும்!

ஒரு எச்சரிக்கை: ஆராய்ச்சிக் கூடத்தின் பக்கம் டார்ச், கார் ஹெட்லைட் அடிக்காதீர்கள். அங்கே இருட்டுதான் மூலதனம்.

லடாக் வழி காட்டுகிறது

சுற்றுப்பட்ட ஊர்கள் வளர வளர, காவலூரின் இருட்டுக்கும் ஆபத்துதான். லடாக்கில் ஹான்லே என்ற இடத்தைச் சுற்றி 2022-ல் இருட்டு வானக் காப்பகம் அறிவித்தார்கள். அங்கே கிராமத்து ஜனங்களே விளக்குகளை அடக்கி வைக்கிறார்கள். நட்சத்திரம் பார்க்க வரும் வெளியூர்க்காரர்களால் அவர்களுக்கு நாலு காசும் கிடைக்கிறது.

நம்மாலும் முடியும். தெரு விளக்குக்கு மேலே ஒரு மூடி. ஆள் இல்லாத நேரத்தில் விளம்பர லைட்டுக்கு ஓய்வு. தெரு இருண்டு விடாது. தரைக்கு வெளிச்சம் கூடும், கரண்ட் பில் குறையும்.

களவு போன நகை திரும்பக் கிடைப்பது அபூர்வம். இந்தக் களவு அப்படி இல்லை. சரக்கு இன்னும் மேலேயேதான் இருக்கிறது. சுவிட்ச் நம் கையில்!