ஆர்டிஎஸ் ரயிலில் வரும் விருந்தினருக்கு நம் கதையை யார் சொல்வது?

ஜோகூர்பாரு புக்கிட் சாகாரையும் சிங்கப்பூர் உட்லண்ட்ஸ் நார்த்தையும் இணைக்கும் ஆர்டிஎஸ் பாதையின் நீளம் 4 கிலோமீட்டர்தான். பயணம் ஐந்து நிமிடம். ஒரு மணி நேரத்தில் ஒரு திசையில் 10,000 பேர் வரை செல்லும் அளவுக்கு அது திட்டமிடப்பட்டுள்ளது. இறங்குபவர் கொஞ்சம் நடந்தால் பழைய நகரம் வந்துவிடும். அங்கே ஜாலான் உங்கு புவானில் நம்மவர் கடைகள் இருக்கின்றன, ராஜமாரியம்மன் கோயில் இருக்கிறது. பார்க்க வருபவரிடம் நாம் என்ன சொல்லப் போகிறோம்?

2025 ஜனவரியில் ஜோகூர்-சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார மண்டல ஒப்பந்தம் கையெழுத்தானதிலிருந்து, ஜோகூர் இன்னொரு ஷென்சென் ஆகும் என்ற பேச்சு அடிக்கடி காதில் விழுகிறது. ஹாங்காங்கை ஒட்டியுள்ள ஷென்சென் 1980இல் அத்தகைய மண்டலமானது. அப்போது அங்கே சில லட்சம் பேர். 2020 கணக்கெடுப்பில் 1 கோடியே 75 லட்சம். அதன் தொழிற்சாலைகளைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள். சிறுபான்மை இனங்களின் பண்பாட்டை அந்நகரம் எப்படிக் காட்டுகிறது என்பதையும் நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

1991இல் அங்கே நாட்டுப்புறப் பண்பாட்டுக் கிராமம் என்றொரு பூங்கா திறக்கப்பட்டது. டோங் இனத்தாரின் மர முரசுக் கோபுரம், டாய் இனத்தாரின் தண்ணீர்த் திருவிழா என்று இருபதுக்கும் மேற்பட்ட இனங்களின் வீடுகளும் விழாக்களும் ஒரே வளாகத்தில். டிக்கெட் வாங்கினால் ஒரு நாளில் பார்த்துவிடலாம். ஆடுபவர்களுக்குச் சம்பளம் கிடைக்கிறது, அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் டோங் மக்களின் உண்மையான ஊர்கள் குய்சோ போன்ற தொலைதூர மலை மாநிலங்களில் இருக்கின்றன. பூங்காவில் இருப்பது அதன் மாதிரிதான்.

நம் நிலை இதற்கு நேர்மாறு. ஜோகூரில் இந்தியர்கள் நூற்றுக்கு ஏழு பேருக்கும் குறைவு. ஆனாலும் இங்கே எதுவும் காட்சிக்காகக் கட்டப்பட்டதில்லை. கோயில் உண்மையான கோயில். அம்மனுக்கு மாலை வாங்குபவர் உண்மையிலேயே வேண்டுதலோடு வந்தவர். குறை வேறிடத்தில் இருக்கிறது. வருபவர் படம் எடுத்துக்கொண்டு போகிறார். இந்த அம்மன் ஏன் இங்கே வந்தாள் என்று யாரும் அவருக்குச் சொல்வதில்லை.

ஆண்டுகளை வரிசையாக வைத்தாலே பாதிக் கதை புரியும். மிளகும் கம்பீரும் விளைந்த ஜோகூரில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர் பரவியது. 1909இல் ஜோகூர் ரயில் பாதை திறக்கப்பட்டது. ராஜமாரியம்மன் கோயில் 1911இல் எழுந்தது. ராஜகாளியம்மன் கோயில் 1922இல் ஒரு குடிசையாகத் தொடங்கியது, அதுவும் ரயில் பாதையோரத்தில். அதன் நிலம் சுல்தான் கொடுத்தது. இரண்டு ஆண்டுகளில், 1924இல், சிங்கப்பூர்ப் பாலம் திறக்கப்பட்டது. மழைக்கும் நோய்க்கும் அம்மனை நம்பிய மக்கள், பால்மரக் காட்டுக்கும் தண்டவாளத்துக்கும் வேலைக்கு வந்தபோது அவளையும் கூட்டி வந்தார்கள்.

அந்தக் குடிசைதான் இன்றைய கண்ணாடிக் கோயில். 2009இல் கண்ணாடி வேலை முடிந்தது. கருவறைச் சுவரில் நேப்பாளத்திலிருந்து வந்த 3 லட்சம் ருத்ராட்ச மணிகள் பதிக்கப்பட்டுள்ளன. புத்தர், இயேசு, அன்னை தெரேசா சிலைகளும் உள்ளே உண்டு. சுற்றுலாப் பேருந்துகள் நிற்பது இந்தப் பளபளப்புக்காகத்தான். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது 1922இன் குடிசை.

ஜாலான் துரூஸ் சீனப் பழங்கோயிலைப் பாருங்கள். தியோச்சூ, ஹொக்கியன், ஹக்கா, கான்டனிஸ், ஹைனான் என ஐந்து பிரிவினரும் தங்கள் தெய்வங்களைச் சிங்கே ஊர்வலத்தில் எடுத்து வருகிறார்கள். ஜாலான் இப்ராஹிமில் 2009இல் சீனப் பாரம்பரிய அருங்காட்சியகமும் திறந்தார்கள். மிளகுத் தோட்டக் கூலியின் கதையை அங்கே அவர்களே சொல்கிறார்கள். பொறாமைப்பட வேண்டியதில்லை, கற்றுக்கொள்ளலாம்.

நமக்குச் சொல்ல விஷயம் இல்லையா? ஜாலான் டோபி என்ற பெயரே துணி வெளுத்தவர்களின் நினைவு. இரவு முழுக்கக் கடைகள் மின்னும் மவுண்ட் ஆஸ்டின் ஒரு காலத்தில் ரப்பர் தோட்டமாக இருந்தது. அந்தப் பெயரைத் தாங்கிய தமிழ்ப்பள்ளி இருப்பதால் நமக்குத் தெரியும். அங்கே காபி குடிக்க வருபவருக்குத் தெரியாது.

ரயில் வந்தால் கூட்டமும் வரும், கடை வாடகையும் ஏறும். சிறு கடைக்காரர் தாக்குப்பிடிக்க முடியாமல் போனால், அந்தத் தெருவில் விளக்குத் தோரணமும் பெயர்ப்பலகையும் மட்டும் மிஞ்சும். பிறகு நாமும் ஒரு பூங்கா கட்டி, ஆட ஆள் தேட வேண்டியதுதான்.

முதல் வேலைக்குப் பெரிய பணம் தேவையில்லை. கோயில் வாசலில் தமிழ், மலாய், சீனம், ஆங்கிலத்தில் ஒரு பலகை போதும். சனி ஞாயிறுகளில் இரண்டு இளைஞர்கள் வாசலில் நின்று விளக்கலாம். ஆனால் அவர்களுக்கு முதலில் யாராவது சொல்ல வேண்டுமே! விடியுமுன் பெரட்டுக்கு நின்றவர்கள், ஒட்டுப்பால் உருட்டியவர்கள் இன்றும் தெப்ராவிலும் உலு திராமிலும் குலாயிலும் இருக்கிறார்கள். எண்பதைத் தாண்டியவர்கள். எந்தத் தோட்டம், எத்தனையாவது லயம், எந்தக் கோயிலில் தீமிதி என்று கேட்டு, கைப்பேசியிலாவது பதிவு செய்யும் வேலையை வரும் பள்ளி விடுமுறையிலேயே தொடங்கலாம்.