அறியாத எண்ணுக்குப் பெயரிடல்

சொற்கணக்கில் மாணவரைத் திகைக்க வைப்பது சமன்பாட்டைத் தீர்க்கும் வேலையன்று. அறியாத எண் எதுவெனத் தேர்ந்து அதற்குப் பெயரிடும் வேலையே. 9ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பக்தாதில் வாழ்ந்த அல்-குவாரிஸ்மீ, தம் 'அல்-ஜப்ர்' நூலில் தரும் பாகப்பிரிவினைக் கணக்கொன்று இதனை நன்கு விளக்கும். (அந்நூலில் வாரிசுரிமைக் கணக்குகளே பெரும்பகுதி என்பதைப் பலர் அறியார்.)

ஒருவர் இரு மைந்தரை விட்டு இறக்கிறார். கையிருப்பு 10 திர்ஹம். மைந்தருள் ஒருவன் தந்தைக்குத் தரவேண்டிய கடனும் 10 திர்ஹம். சொத்தில் மூன்றிலொரு பங்கை அயலார் ஒருவருக்கு எழுதிவைத்துள்ளார். யாருக்கு எவ்வளவு?

அவசரப்படுவோர் 20ஐ மூன்றால் வகுத்து, ஆளுக்கு 6⅔ என்பர். அயலாருக்கும் மற்ற மைந்தனுக்குமாக 13⅓ வேண்டும். பெட்டியில் இருப்பதோ பத்துதான்!

அல்-குவாரிஸ்மீ மொத்தத்தை நாடவில்லை. கடன்பட்ட மைந்தனின் பங்காக அவன் கடனிலிருந்து கழியும் தொகையையே அறியாத எண்ணாகக் கொண்டு, அதற்கு 'ஷய்', அதாவது 'பொருள்', எனப் பெயரிட்டார். குறியீடுகள் அவர் நூலில் இல்லை, எல்லாம் சொற்களே. நாம் அதனை 'ப' என்போம். பங்கிடத்தக்கது 10 + ப. மூன்றிலொன்று அயலாருக்குப் போக, எஞ்சியதை மைந்தர் இருவரும் சமமாகக் கொள்வதால் மூவர் பங்கும் ஒன்றே. கடன்பட்டவன் பங்கு 'ப'. ஆகவே,

3ப = 10 + ப

இருபுறமும் ஒரு 'ப'வை நீக்குக, இந்நீக்கமே 'முகாபலா'. 2ப = 10; ப = 5. அயலாருக்கு 5, மற்ற மைந்தனுக்கு 5, கையிருப்பு தீர்ந்தது. கடன்பட்டவனின் 5 கடனிலேயே கழிந்தது. கடனில் மிஞ்சிய 5ஐ அவனிடமே விட்டுவிடுவது அந்நூல் கொண்ட சட்டநெறி.