அன்றாடம் கிடைக்கும் இன்பம்

மகிழ்ச்சி என்றதும் நம் நினைவுக்கு வருபவை தீபாவளி, திருமண வீடு, சம்பள நாள். ஆண்டில் இவை எத்தனை நாள்? சம்பள நாள் 12. தீபாவளி ஒன்று. உறவினர் வீட்டுத் திருமணம் இரண்டோ மூன்றோ. எஞ்சிய 350 நாள்களும் உழைப்பும் களைப்பும்தானா? அந்த நாள்களிலும் மகிழ்ச்சி கிடைக்கிறது. அதை நாம் கவனிக்கிறோமா என்பதே கேள்வி.

பால்மரம் சீவுவோர் விடியுமுன்னே நிரைக்குப் போகிறார்கள். காரணம் உங்களுக்குத் தெரிந்ததுதான். வெயில் ஏற ஏற, மரத்திலுள்ள நீர் இலைகளின் வழியே ஆவியாகிறது. பட்டைக்குள் பாலை உந்தும் அழுத்தம் குறைகிறது. பால் ஓட்டமும் தளர்ந்துவிடுகிறது. ஆகவே விடியற்காலைக் குளிர்ச்சியில்தான் மரம் தாராளமாகப் பால் தருகிறது. அந்தக் குளிர்ச்சி நம் உடலுக்கும் கிடைக்கிறதே, அதை எண்ணிப் பார்ப்பதுண்டா? பறவைகளின் முதல் குரல், மங்கில் விழும் முதல் சொட்டு, மரத்தடியில் அமர்ந்து பசியாறும் கொஞ்ச நேரம், இவையெல்லாம் நமக்குக் கிடைப்பவை. செம்பனைக் காட்டில் குலை வெட்டுவோருக்கும் உதிரிப் பழம் பொறுக்குவோருக்கும் இப்படிப்பட்ட நேரங்கள் உண்டு.

நாள்தோறும் வருவதை மனம் கணக்கில் சேர்ப்பதில்லை. ஒரு விரலில் முள் தைத்தால் நாள் முழுவதும் அதே நினைவு. வலிக்காத ஒன்பது விரல்களை யார் நினைக்கிறார்கள்? பாலின் எடை குறைந்த நாளில் வீடே வாடிப்போகிறது. எடை கூடிய நாளில் அதைப் பற்றிப் பேச்சே இல்லை.

2003ஆம் ஆண்டில் ராபர்ட் எம்மன்ஸ், மைக்கல் மெக்கல்லோ என்னும் அமெரிக்க உளவியல் அறிஞர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மாணவர்களில் ஒரு பிரிவினர், நன்றி பாராட்டத்தக்க செய்திகளை வாரம் ஒருமுறை எழுதினர். இன்னொரு பிரிவினர் தங்கள் தொல்லைகளை எழுதினர். 10 வாரங்கள் இப்படிச் சென்றன. நன்றிக்குரியவற்றை எழுதியவர்களிடம் மனநிறைவும், வரும் நாள்களைப் பற்றிய நம்பிக்கையும் கூடுதலாகக் காணப்பட்டன.

நாம் ஏட்டில் எழுத வேண்டியதில்லை. இரவுச் சாப்பாட்டின்போது, அன்று கிடைத்த நல்லது ஒன்றை வீட்டில் ஒவ்வொருவரும் சொன்னால் போதும். சிறு பிள்ளையும் சொல்லட்டும். இருட்டோடு எழுந்து அடுப்பு மூட்டி, வேலைக்காட்டிலும் பாடுபட்டு, மாலையில் மறுபடியும் அடுப்படிக்கு வருகிறாளே தாய், அவளிடம் "இன்றைக்குக் குழம்பு நன்றாக இருக்கிறது" என்று சொல்ல என்ன செலவு? மனத்துக்குள்ளேயே வைத்திருக்கும் நன்றி, மங்கில் உறைந்துபோன பாலைப் போன்றது. நேரத்தில் எடுத்திருந்தால் அதன் மதிப்பே வேறு.

ஒன்றை மறந்துவிடக் கூடாது. உள்ளதில் மகிழ்வது வேறு, உரிமையைக் கேளாமல் இருப்பது வேறு. கூரை ஒழுகினால் பழுதுபார்க்கச் சொல்லிக் கேட்கத்தான் வேண்டும். தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட காலத்தில், 1960ஆம் ஆண்டில், துன் வீ. தி. சம்பந்தன் முயற்சியால் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. தொழிலாளர்கள் மாதம் 10 வெள்ளியாகச் சேர்த்தார்கள். அந்தச் சிறு பணத்தில் தோட்டங்களையே வாங்கினார்கள். பத்து வெள்ளியின் அருமையை உணர்ந்தவர்கள்தாம் அதைக் கொண்டு பெரிய காரியத்தைச் சாதித்தார்கள். சிறியதை மதிக்கத் தெரிந்த மனத்துக்குச் சோர்வு எளிதில் வராது, முயற்சியும் குன்றாது.

இன்றிரவு சாப்பிட உட்காரும்போது, முதலில் நீங்களே தொடங்குங்கள். பிள்ளைகள் தாமாகவே தொடர்வார்கள்.