கல்லுக்கும் ஒரு விலாசம்

தருமபுரி ஜில்லாவில் சில கிராமங்களுக்குப் போனால், நல்ல வாலிப வயசுக்காரர்களின் பல்லில்கூடப் பழுப்புக் கறையைப் பார்க்கலாம். வெற்றிலை புகையிலை போட்டு வந்த கறை என்று நினைத்துவிடாதீர்கள். சின்ன வயசில் குடித்த கிணற்றுத் தண்ணீர் கொடுத்த பரிசு அது!

அந்த வட்டாரத்துப் பாறைகளில் புளோரைடு கலந்த தாதுக்கள் உண்டு. நிலத்தடி நீர் நெடுநாள் பாறையிலே ஊறும்போது புளோரைடும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து வந்துவிடுகிறது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் வம்புதான். முதலில் பல், வருஷக்கணக்காகக் குடித்தால் எலும்பு.

"காய்ச்சிக் குடித்தால் போகாதா?" என்கிறீர்களா? போகாது, அம்மா! தண்ணீர்தான் ஆவியாகிப் போகும். புளோரைடு பாத்திரத்திலேயே தங்கி இன்னும் செறிவாகும். ஜப்பானிடம் கடன் வாங்கி, ஒகேனக்கல்லிலிருந்து காவிரி நீரைக் குழாயில் கொண்டுவரும் திட்டத்தை 2013-ல் தொடங்கியது இதற்காகத்தான்.

சரி, எந்தக் கிணற்றில் எவ்வளவு புளோரைடு? அதைப் பரிசோதித்து எழுதி வைத்தாலும் ஒரு சங்கடம். கிருஷ்ணகிரிப் பக்கத்துக் கிணறு ஒன்றை எடுத்துக்கொள்வோம். 1960-ல் அது சேலம் ஜில்லாக் கிணறு. 1965 அக்டோபரில் தருமபுரி தனி ஜில்லாவானதும் அது தருமபுரிக் கிணறு. 2004-ல் கிருஷ்ணகிரி பிரிந்தது. இப்போது கிருஷ்ணகிரிக் கிணறு. ஓர் அங்குலம்கூட நகராமல் மூன்று ஜில்லா பார்த்துவிட்டது, பாவம்! போதாக்குறைக்கு, நம் நாட்டில் புதூர் என்ற பெயரில் எத்தனை ஊர்! ஒரு புதூரின் கணக்கு இன்னொரு புதூரின் பேரில் ஏறிவிட்டால், நல்ல தண்ணீர் குடிக்கிறவர்கள் பயப்படுவார்கள்; கெட்ட தண்ணீர் குடிக்கிறவர்கள் நிம்மதியாகக் குடித்துக்கொண்டிருப்பார்கள்.

கல்லுக்கும் இதே கதிதான். ஒகேனக்கல் அருகே, பூமியின் வயிற்றிலிருந்து உருகி எழுந்த ஒருவகைச் சுண்ணாம்புப் பாறை இருக்கிறது. வயசு சுமார் 240 கோடி வருஷம்! ஓர் ஆராய்ச்சியாளர் அதில் ஒரு சில்லு உடைத்து 'ஏ-1' என்று சீட்டு ஒட்டுவார். வேறொரு தேசத்தில் வேறொருவரும் தம் கல்லுக்கு 'ஏ-1' என்றே பெயர் வைப்பார். இருபது வருஷம் கழித்து அலமாரியைத் திறக்கிறவர் என்ன செய்வார்?

இந்தக் குழப்பத்தைத் தீர்க்க அமெரிக்காவில் கெர்ஸ்டின் லெனர்ட் என்ற அம்மையாரும் அவருடைய கூட்டத்தாரும் ஒரு யோசனை செய்தார்கள். ரேஷன் கார்டுக்கு எண் இருப்பதுபோல், உலகத்தில் எங்கே எடுத்த மாதிரிக்கும் ஒரே ஒரு எண். ஒன்றின் எண் மற்றொன்றுக்குக் கிடையாது. ஐ.ஜி.எஸ்.என். என்று அதற்குப் பெயர். அந்த எண்ணைக் கம்ப்யூட்டரில் தட்டினால், யார் எடுத்தது, என்றைக்கு, எந்த அட்சரேகை தீர்க்கரேகையில், மிச்சம் இப்போது எங்கே இருக்கிறது என்ற விவரமெல்லாம் வரும். கல்லுக்கு மட்டுமில்லை, மண்ணுக்கும் தண்ணீருக்கும் இந்த எண் வாங்கலாம்.

அதெல்லாம் இருக்கட்டும், இந்தப் பெரிய பேரேடு யாருடைய சொத்து? எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. கிராமங்களில் ஊர்ப் பொதுவில் அண்டா, தவலை வாங்கி வைத்திருப்பார்கள். யார் வீட்டில் கல்யாணம் என்றாலும் எடுத்துக்கொள்ளலாம். அதே அண்டா ஒரு பெரிய மனுஷர் வீட்டுப் பரணில் இருந்தால்? அவரோடு மனஸ்தாபம் வந்த அன்றைக்குச் சமையல் நடக்காது! ஆனால் பொது அண்டாவுக்கும் யாராவது ஈயம் பூச வேண்டுமே. அந்தச் செலவு யார் தலையில்?

இந்த எண் விஷயத்தில் அதற்கு ஒரு வழி கண்டார்கள். 2011-ல் ஜெர்மனியில் சங்கமாகப் பதிவு செய்துகொண்டார்கள். பல தேசத்து ஆராய்ச்சி நிலையங்கள் அதில் அங்கத்தினர்கள். கூடிப் பேசித் தீர்மானம் செய்வார்கள். எண் வழங்கும் யந்திரத்தை நடத்துவது சிறு சங்கத்துக்குப் பெரிய பாரம். 2021-ல் டேட்டாசைட் என்ற, லாபநோக்கில்லாத இன்னொரு அங்கத்தினர் ஸ்தாபனத்தோடு கூட்டுச் சேர்ந்து அந்த வேலையை அதனிடம் விட்டார்கள். எந்த மாதிரிக்கு என்னென்ன விவரம் எழுத வேண்டும் என்ற பேச்சு மட்டும் இன்னும் சங்கத்தாருடையதுதான்.

அப்படி எழுத வேண்டியவற்றில் தேதியை விட்டுவிடக் கூடாது. மழைக்கு முன்னால் இறைத்த தண்ணீரிலும் பின்னால் இறைத்த தண்ணீரிலும் புளோரைடு ஒரே அளவாக இராது. தருமபுரிக் கிணற்றிலிருந்து ஒரு பாட்டில் நிரப்புகிறவர், அது சித்திரைத் தண்ணீரா கார்த்திகைத் தண்ணீரா என்பதையும் சீட்டில் எழுதித்தான் ஒட்ட வேண்டும்.