கிதார் ஏன் உறுமுகிறது?

திருவிழாவில் மரக்கிளையில் கட்டிய கூம்பு ஒலிபெருக்கியை நீங்கள் கேட்டிருப்பீர்கள். இயக்குபவர் உற்சாக மிகுதியில் குமிழை ஒரேயடியாகத் திருகிவிட்டால், நல்ல பாட்டும் கரகரவென்று உடைந்து காதைத் துளைக்கும். "குறையப்பா!" என்று பெரியவர்கள் கூச்சலிடுவார்கள். அந்தக் கரகரப்பையே ராக் இசைக் கலைஞர்கள் தேடித் தேடிப் போற்றுகிறார்கள் என்றால் நம்புவீர்களா?

இது ஒரு விபத்தில் வளர்ந்த கதை. 1951 மார்ச் மாதம் ஐக் டர்னரின் இசைக்குழு, அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகருக்கு 'ராக்கெட் 88' என்ற பாட்டைப் பதிவு செய்யச் சென்றது. பயணத்தில் கிதாரின் மின்பெருக்கி சேதமடைந்துவிட்டது. ஒலிப்பதிவாளர் சாம் ஃபிலிப்ஸ், ஸ்பீக்கரின் கூம்புக்குள் காகிதத்தைத் திணித்துப் பார்த்தார். கிதார் கரகரத்தது; ஆனால் கேட்க நன்றாக இருந்தது! அப்படியே பதிவு செய்துவிட்டார். 1964இல் லண்டனில் டேவ் டேவிஸ் என்ற இளைஞர், தம் சிறிய பெருக்கியின் ஸ்பீக்கர் காகிதத்தைப் பிளேடால் கிழித்தே அந்த ஒலியை உண்டாக்கினார். (வீட்டு வானொலியில் இதைச் செய்து பார்த்து என் பெயரைச் சொல்லிவிடாதீர்கள்.)

ஆனால் கிழிக்காமலே கரகரக்க வைக்க ஒரு வழி உண்டு. அதற்கு வால்வு எப்படி வேலை செய்கிறது என்று தெரிய வேண்டும்.

காற்று நீக்கிய கண்ணாடிக் குமிழுக்குள் சூடான எதிர்மின்வாய் எலெக்ட்ரான்களை வெளிவிடுகிறது. எதிரே உள்ள நேர்மின்வாய் அவற்றை இழுக்கிறது. 1906இல் அமெரிக்கரான லீ டி ஃபாரஸ்ட் இவ்விரண்டுக்கும் நடுவே கிரிட் எனப்படும் ஒரு கம்பி வலையை வைத்தார். வலையில் மின்னழுத்தம் சற்றே மாறினாலும், பாயும் மின்னோட்டம் பெரிதும் மாறுகிறது. மதகுக் கதவை ஒரு விரற்கடை தூக்கினால் வாய்க்கால் நிறையத் தண்ணீர் ஓடுவதைப் போல.

மதகுக்கு எல்லை உண்டல்லவா? முழுக்க மூடினால் ஓட்டம் நிற்கும். அதற்கு மேல் மூட முடியாது. மறுபுறம், வலை நேர்மின்னழுத்தம் பெறத் தொடங்கினால் எலெக்ட்ரான்களை அதுவே விழுங்க ஆரம்பிக்கும். அங்கும் வளர்ச்சி தடைப்படும். ஒரு கணக்குப் போடுவோம். கிதாரின் மின்காந்தச் சுருளிலிருந்து சுமார் 0.1 வோல்ட் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஈசிசி 83 என்னும் வால்வின் முதல் நிலை அதை ஏறக்குறைய 50 மடங்கு பெருக்கினால் 5 வோல்ட். ஆனால் அடுத்த நிலையின் வலை தாங்குவது ஏறத்தாழ 1.5 வோல்ட்தான். எனவே வளைந்து எழும் அலையின் உச்சி, தாழ்ந்த கூரையில் தலை இடித்ததைப் போலத் தட்டையாகிறது.

உச்சி தட்டையான அலையில் புதிய அதிர்வுகள் பிறக்கின்றன. 110 ஹெர்ட்ஸ் சுரத்தைக் கொடுத்தால் 220, 330, 440 என்று அதன் மடங்குகளான மேற்சுரங்களும் வெளிவரும். மேலும் கீழும் ஒரே அளவில் தட்டையானால் 330, 550 போன்ற ஒற்றைப்படை மடங்குகள் மட்டும் எழும். ஒருபுறம் கூடுதலாக வெட்டுப்பட்டால் இரட்டைப்படை மடங்குகளும் சேரும். தம்புராவின் தந்திக்கும் குதிரைக்கும் இடையே நூல் வைத்தால் ஒலி நிறைவது எதனால்? அங்கும் மேற்சுரங்கள் வலுப்பெறுவதால்தான்.

அப்படியானால் குமிழை முழுவதும் திருகிவிட்டால் போதுமே என்று கேட்பீர்கள். பலரும் அப்படித்தான் செய்து ஏமாறுகிறார்கள். கிடைப்பது உறுமல் அல்ல, சேறு!

இரண்டு சுரங்கள் ஒன்றாக நுழைந்தால், தட்டையாக்கும் வால்வு அவற்றின் கூட்டலையும் கழித்தலையும்கூடப் படைத்துவிடுகிறது. 110 ஹெர்ட்ஸ் சட்ஜமம், 165 ஹெர்ட்ஸ் பஞ்சமம். கழித்தால் 55. அது அதே சட்ஜமத்தின் கீழ் ஸ்தாயி! யாரும் மீட்டாத ஒரு தடித்த ஒலி தானாக வந்து துணை சேர்கிறது. ஆனால் பஞ்சமத்துக்குப் பதில் காந்தாரத்தை மீட்டினால்? கிதாரில் அது 138.6 ஹெர்ட்ஸ். கழித்தால் 28.6. அந்த இடத்தில் சட்ஜமம் 27.5, இரண்டும் பொருந்தவில்லை. ராக் கிதார்க் கலைஞர் சட்ஜமத்தையும் பஞ்சமத்தையும் மட்டும் சேர்த்து மீட்டுவதன் இரகசியம் இதுதான்.

தாழ்ந்த சுரங்களால் இன்னொரு தொல்லை. தடித்த தந்தியின் அலை பெரியது. முதலில் கூரையை இடிப்பதும் அதுவே. அது தட்டையாகி நிற்கும் நேரத்தில், அதன்மேல் ஏறி வரும் நுண்ணிய உயர் அதிர்வுகளும் நசுங்கிவிடுகின்றன. ஆகவே நல்ல ஒலிக்கு வழி, கரகரப்பைக் கூட்டுவதல்ல. அலை கூரையை இடிப்பதற்கு முன்பே தாழ்ந்த சுரங்களைக் குறைத்து, இடித்த பின்பு அவற்றை மீண்டும் கூட்டுவதே.

லண்டனில் ஜிம் மார்ஷலின் கடை இதற்கு நல்ல சான்று. 1962இல் அவரும் கென் பிரான், டட்லி கிரேவன் ஆகியோரும் அமெரிக்க ஃபெண்டர் பேஸ்மேன் பெருக்கியைப் பின்பற்றி ஒன்றைச் செய்தார்கள். மின்சுற்று ஏறக்குறைய அதேதான். ஆனால் முதல் வால்வாக ஈசிசி 83ஐப் பொருத்தினார்கள். ஃபெண்டரில் இருந்த வால்வின் பெருக்கு எண் 44, இதற்கு 100! கூரை இன்னும் விரைவில் இடித்தது. 1960களின் பிற்பகுதியில் முதல் நிலையின் எதிர்மின்வாயில் இருந்த மின்தேக்கியையும் மாற்றினார்கள். ஃபெண்டரில் அது 250 மைக்ரோஃபாரட். மார்ஷலில் வெறும் 0.68. சிறிய மின்தேக்கி தாழ்ந்த அதிர்வெண்களுக்குக் கைகொடுக்காது. எனவே அவை குறைவாகவே பெருகின. தாழ் சுரத்தைக் கூட்டும் குமிழ் இருந்ததோ பின்னால். சில காசு பெறுமான ஓர் உதிரிப்பொருள் ஒரு காலத்தின் ஒலியையே மாற்ற உதவியது!

'குயீன்' குழுவின் பிரையன் மே (2007இல் வானியற்பியலில் முனைவர் பட்டம் பெற்றவர்) வேறு வழியில் அதே இடத்துக்கு வந்தார். உயர் சுரங்களை மட்டும் தூக்கிவிடும் ஒரு டிரான்சிஸ்டர் பெட்டியைக் கிதாருக்கும் வால்வுப் பெருக்கிக்கும் நடுவே வைத்தார். முன்னால் மெலிய வைத்து, பிறகு இடிக்கவிடும் அதே உத்தி.

கடைசி வடிகட்டி ஸ்பீக்கர். கிதாருக்கான 12 அங்குல ஸ்பீக்கர் சுமார் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் சரியாகப் பாடாது. அந்தக் குறை இல்லாவிட்டால் தேனீக் கூட்டம் ரீங்கரிப்பது போலிருக்கும். உயர்தர இசைத்தட்டுக் கருவியின் ஸ்பீக்கரை இணைத்து ஏமாந்தவர்கள் உண்டு.

சத்தமும் ஒரு சிக்கல். பெரிய வால்வுகள் இடிபட வேண்டுமானால் தெருவே அதிர வேண்டும், காதும் கெடும். கலிஃபோர்னியாவின் ராண்டல் ஸ்மித் 1970களின் தொடக்கத்தில் முன்பகுதியில் கூடுதலாக ஒரு வால்வு நிலையைச் சேர்த்து, இறுதிச் சத்தத்துக்குத் தனிக் குமிழ் வைத்தார். அதனால் குறைந்த சத்தத்திலும் உறுமல் கிடைத்தது.

இதைப் படித்ததும் பெருக்கியின் பின்பலகையைக் கழற்றக் கை துறுதுறுக்கும். கழற்றாதீர்கள்! உள்ளே 400 வோல்ட்டுக்கு மேலும் இருக்கக்கூடும். மின்செருகியை உருவிய பிறகும் மின்தேக்கிகளில் உயிரைப் பறிக்கும் மின்னூட்டம் தங்கியிருக்கும். ஸ்பீக்கரை இணைக்காமல் பெருக்கியை இயக்கவும் கூடாது. வெளியீட்டு மின்மாற்றி எரிந்துபோகலாம்.

திருகாணியைத் தொடாமலே செய்யக்கூடிய சோதனை ஒன்று சொல்கிறேன். கிதார் வைத்திருக்கும் நண்பரின் பெருக்கியில் லேசான கரகரப்பை வையுங்கள். தடித்த ஆறாம் தந்தியின் ஐந்தாம் மெட்டையும், ஐந்தாம் தந்தியின் ஏழாம் மெட்டையும் அழுத்தி, அவ்விரண்டு தந்திகளை மட்டும் மீட்டுங்கள். அடியில் ஒரு கனத்த முழக்கம் கேட்கும். இப்போது ஐந்தாம் தந்தியில் ஏழாம் மெட்டை விட்டு நான்காம் மெட்டை அழுத்துங்கள். முழக்கம் குழம்பி நடுங்கும். கரகரப்பை அறவே நீக்கிவிட்டு அதே இரண்டு சுரங்களை மீட்டினால், குழப்பம் போன இடம் தெரியாது.